படகு இருக்கைக்கு எந்தக் கலர் ரெக்சின்? வெயிலில் சுடாத சரக்கைத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பது எப்படி

சித்திரை, வைகாசி மாத மதியத்தில் கடை வாசலில் நிறுத்தி வைத்த பைக்கில் யாரும் சட்டென்று ஏறி உட்காருவதில்லை. முதலில் உள்ளங்கையால் தட்டிப் பார்ப்பார்கள். பிறகு தோளில் கிடக்கும் துண்டையோ கையில் இருக்கும் செய்தித்தாளையோ விரிப்பார்கள். ஒன்றும் இல்லாதவர் ஃபுட்ரெஸ்டில் நின்றபடியே தெருமுனை வரை ஓட்டிச் செல்வதையும் நாம் பார்த்திருக்கிறோம். இவ்வளவுக்கும் காரணம் சீட்டின் மேல் போர்த்திய கருப்பு ரெக்சின். பைக்காரருக்கு இது ஒரு நிமிட அவஸ்தை. சீட் தைத்துக் கொடுத்தவரை அவர் திட்டுவதில்லை. பைக் சீட் என்றால் கருப்பு என்று மனம் பழகிவிட்டது.

அதே ரெக்சின் ஒரு சுற்றுலாப் படகில் ஏறும்போது கதை வேறு. அங்கே உட்காருபவர் காசு கொடுத்து டிக்கெட் வாங்கியவர். குடும்பத்தோடு வந்தவர். அரை டிராயர் போட்ட பிள்ளைகளை அழைத்து வந்தவர். படகு ஆடுவதால் எழுந்து நிற்கவும் முடியாது, நிழல் பார்த்து நகரவும் முடியாது. தொடை சுட்டதும் குழந்தை அலறும். தகப்பனார் படகோட்டியைக் கேட்பார். படகோட்டி முதலாளியைக் காட்டுவார். முதலாளி குஷன் தைத்தவரைக் கூப்பிடுவார். அவர் "கடையில் கொடுத்த சரக்கு இதுதான்" என்று நம்மைக் காட்டுவார். சங்கிலியின் கடைசியில் நிற்பது ரெக்சின் கடைக்காரர். அதனால்தான் இந்த விஷயத்தைச் சற்று விரிவாக எழுதுகிறோம்.

முட்டுக்காடு, முதலியார்குப்பம், பிச்சாவரம், ஏற்காடு என்று அரசு சுற்றுலாத் துறையின் படகுத் துறைகளை நாம் அறிவோம். இவை போக, கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுகிலும் தனியார் ஓய்வு விடுதிகள், உப்பங்கழிகளில் ஃபைபர் படகு ஓட்டும் சிறு முதலாளிகள் என்று பலர் இருக்கிறார்கள். பள்ளி விடுமுறைக்கு முன்பு இவர்களில் பலர் இருக்கைகளைப் புதுப்பிப்பார்கள். ஒரு படகுக்குப் பத்துப் பதினைந்து மீட்டர்தான் போகும். மொத்த வியாபாரியின் கணக்கில் இது சிறிய ஆர்டர். ஆனால் உப்புக் காற்றும் வெயிலும் இருக்கும்வரை இந்த ஆர்டர் திரும்பத் திரும்ப வரும். ஒருமுறை நல்ல பெயர் வாங்கிவிட்டால் அடுத்த துறையிலிருந்தும் ஆள் தேடி வருவார்.

அழுக்கு தெரியாத கலர்

கடைக்கு வரும் படகுக்காரர் முதலில் கேட்பது இதுதான்: "அழுக்கு தெரியாத கலரா கொடுங்க." நம் கையும் பழக்கத்தில் கருப்பு, கருநீலம், மெரூன், காப்பிப் பொடி நிறம் ஆகிய ரோல்களை நோக்கித்தான் போகிறது. அவை எப்போதும் ஸ்டாக்கில் இருக்கும்; ஆட்டோவுக்கும் டிராக்டருக்கும் பேருந்துக்கும் அவைதான் ஓடுகின்றன. ஐந்து நிமிடத்தில் பில் போட்டு அனுப்பிவிடலாம். வாங்கியவரும் திருப்தியாகப் போவார், சேறும் சகதியும் தெரியாதே என்று.

அழுக்கு என்பது ஒரு வாளித் தண்ணீரில் போகக்கூடியது. சூடு அப்படிப் போவதில்லை. இந்த வித்தியாசத்தை வாடிக்கையாளருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியவர் நாம்தான். ஏனென்றால் குஷன் தைப்பவர் கொடுத்த சரக்கைத் தைப்பார். படகுக்காரர் கண்ணில் பட்டதைத் தேர்ந்தெடுப்பார். எந்த ரோலை முன்னால் அடுக்கி வைத்திருக்கிறோம் என்பதே பாதி முடிவைச் செய்துவிடுகிறது.

கருப்பு ஏன் சுடுகிறது என்பதற்கு ஒரு பழைய சோதனை உண்டு. துணி வியாபாரத்தோடு தொடர்புடையது என்பதால் நமக்குப் பொருத்தமானது. அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளின் 1761ஆம் ஆண்டில் எழுதிய ஒரு கடிதத்தில் இதை விவரிக்கிறார். தையல்காரரின் சாம்பிள் அட்டையிலிருந்து பல நிறக் கம்பளித் துணித் துண்டுகளை எடுத்து, நல்ல வெயில் அடித்த ஒரு காலையில் பனியின் மேல் பரப்பி வைத்தாராம். சில மணி நேரத்தில் கருப்புத் துண்டு பனியை உருக்கிக்கொண்டு ஆழமாக உள்ளே இறங்கிவிட்டது. கருநீலம் ஏறத்தாழ அதே ஆழம். இளநீலம் அதைவிடக் குறைவு. வெள்ளைத் துண்டு மட்டும் வைத்த இடத்திலேயே பனியின் மேல் கிடந்தது. வெப்ப நாடுகளில் வெயிலில் உழைக்கும் சிப்பாய்க்கும் மாலுமிக்கும் வெள்ளை உடுப்புதானே பொருத்தம் என்று அந்தக் கடிதத்திலேயே அவர் கேட்கிறார். வெப்பமானியே இல்லாமல், சாம்பிள் அட்டையை வைத்துச் செய்த சோதனை இது. இன்றும் செல்லும்.

எவ்வளவு சூடு?

நண்பகல் வெயிலில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் விழும் சக்தி சுமார் 1,000 வாட். ஒரு இஸ்திரிப் பெட்டி அளவு என்று வைத்துக்கொள்ளலாம். கருப்பு ரெக்சின் இதில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் விழுங்கிவிடும். நல்ல வெள்ளை ரெக்சின் கால் பங்கு அல்லது அதற்குச் சற்று மேலே கீழே விழுங்கும். மிச்சத்தைத் திருப்பி அனுப்பிவிடும். காற்று அதிகம் அசையாத, நிழலில் 35 டிகிரி இருக்கும் ஒரு நாளில், கருப்பு ரெக்சின் போர்த்திய ஃபோம் இருக்கையின் மேற்பரப்பு 70 டிகிரியைத் தொடுவது சாதாரணம். அருகிலேயே கிடக்கும் வெள்ளை அல்லது கிரீம் இருக்கை 50 டிகிரியை ஒட்டி நிற்கும். சென்னை நுங்கம்பாக்கத்தில் 2003 மே மாதக் கடைசியில் 45 டிகிரி பதிவானது நினைவிருக்கும். வானிலை நிலையம் சொல்லும் கணக்கெல்லாம் நிழலில் எடுத்தவை என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

70க்கும் 50க்கும் உள்ள வித்தியாசம் வெறும் சௌகரிய விஷயம் அல்ல. சூடான பரப்பைத் தொட்டால் தோல் எப்போது வெந்துபோகும் என்பதற்கு ஐ.எஸ்.ஓ. 13732 என்று ஒரு சர்வதேசத் தரநிர்ணயம் இருக்கிறது. அதன்படி பிளாஸ்டிக் பரப்பை ஒரு நிமிடம் தொட்டுக்கொண்டிருந்தால் ஆபத்து எல்லை 60 டிகிரி. உலோகமாக இருந்தால் 51 டிகிரியிலேயே அந்த எல்லை வந்துவிடும், ஏனெனில் உலோகம் சூட்டைச் சீக்கிரம் தோலுக்குள் தள்ளும். பத்து நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து தொட்டால் எந்தப் பொருளாக இருந்தாலும் 48 டிகிரி. கருப்பு இருக்கை முதல் எல்லையைத் தாண்டி நிற்கிறது; கிரீம் இருக்கை அதற்குள் அடங்குகிறது. பெரியவர்களின் தோலைவிடக் குழந்தைகளின் தோல் மெல்லியது என்பதையும் மறக்கக்கூடாது. படகு ஓட்டத்துக்குக் குடும்பங்களை வரவழைப்பதே குழந்தைகள்தான்.

இங்கே ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். இருக்கையின் மேல் ஆள் உட்கார்ந்ததும் அந்த இடத்தில் வெயில் விழுவது நின்றுபோகும். ரெக்சின் மெல்லியது, கீழே இருக்கும் ஃபோம் பெரும்பாலும் காற்றுதான். இரண்டிலும் சேர்த்து வைத்திருக்கும் சூடு கொஞ்சமே என்பதால் சீக்கிரம் ஆறிவிடும். கல் பெஞ்சு போலவோ இரும்புத் தகடு போலவோ அது சுட்டுக்கொண்டே இருக்காது. ஆகவே படகு இருக்கையில் பிரச்சினை முழுவதும் உட்காரும் முதல் நிமிடத்தில்தான். அந்த நிமிடத்தை எப்படிச் சமாளிப்பது என்பதே நம் கேள்வி. மேலே ஷாமியானா போல் நிரந்தரக் கூரை போட்ட பெரிய படகுகளுக்கு இந்தக் கவலை பாதி குறைவு. ஆனால் பகல் சரியச் சரிய வெயில் சாய்வாக உள்ளே வரும். கூரைப் படகிலும் ஓரத்து இருக்கைகளை வெயில் படும் இருக்கையாகவே கணக்கில் எடுக்க வேண்டும்.

வெள்ளையா, வெளிர் நிறமா?

சூடு ஒன்றை மட்டும் பார்த்தால் தூய வெள்ளைதான் முதலிடம். ஆனால் படகுக்குத் தூய வெள்ளையை நாம் சிபாரிசு செய்வதில்லை. தண்ணீரிலிருந்து அடிக்கும் பளபளப்பு போதாதென்று இருக்கையும் கண்ணைக் கூசச் செய்யும். ஓட்டுபவருக்கு இது தொந்தரவு. ஈரக்காலோடு ஒருவர் ஏறி மிதித்தால் தடம் அப்படியே தெரியும். பழுப்பு ஏறுவதும் வெள்ளையில்தான் முதலில் கண்ணில் படும்.

கிரீம், தந்த நிறம், வெளிர் சந்தனம், வெளிர் சாம்பல், வெளிர் ஆகாய நீலம் ஆகியவை நடுவழி. வெள்ளையைவிடச் சற்றே சூடேறும். ஆனால் கருநீலத்தோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம் தெரியும். இவற்றில் வெளிர் சாம்பலுக்கு ஒரு தனிச் சிறப்பு: சேற்றுத் தடமும் உப்புப் படிவும் அதில் அதிகம் தெரிவதில்லை. அழுக்கு தெரியாத கலர் கேட்பவருக்கு இதை எடுத்துக் காட்டலாம். ஆனால் சாம்பல் என்ற பெயரில் சிமெண்ட் நிறம், ஈய நிறம் வரை போய்விடக்கூடாது. சாம்பல் ஒரு படி கருக்கக் கருக்கச் சூடும் ஒரு படி ஏறும்.

கருநீலம், கரும்பச்சை, மெரூன் இவையெல்லாம் கருப்புக்கு அடுத்த படிதான். "கருப்பு வேண்டாம், நேவி ப்ளூ கொடுங்கள்" என்று கேட்பவர் சூட்டிலிருந்து தப்பித்ததாக நினைக்கிறார். பிராங்க்ளினின் பனிக்கட்டியில் கருநீலம் எவ்வளவு ஆழம் போனது என்று அவருக்குச் சொல்லலாம்.

படகுக்காரருக்குக் கருநீலம்தான் வேண்டும், படகின் பெயிண்டும் அதே நிறம், அழகாக இருக்கும் என்றால், மறுக்க வேண்டியதில்லை. உடம்பு படாத இடத்தில் கருநீலத்தைப் போடச் சொல்லுங்கள். இருக்கையின் முன்பக்கச் சுவர், சாய்வுப் பலகையின் பின்புறம், பக்கவாட்டுப் பட்டை ஆகிய இடங்களுக்கு அடர் நிறம். உட்காரும் பரப்புக்கும் முதுகு சாயும் பரப்புக்கும் வெளிர் நிறம். இரட்டை நிற இருக்கை பார்க்கவும் எடுப்பாக இருக்கும். நமக்கும் இரண்டு ரோலில் வியாபாரம்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று பைப்பிங். கிரீம் இருக்கைக்குக் கருப்புப் பைப்பிங் வைத்தால் படத்தில் அழகாகத்தான் இருக்கும். ஆனால் முன்விளிம்பில் ஓடும் பைப்பிங் மேலே புடைத்து நிற்பதால் முதலில் தொடுவது அதுதான். அரை டிராயர் போட்ட பையனின் முழங்காலுக்குப் பின்னால், தோல் மிக மென்மையாக இருக்கும் இடத்தில், அது கோடு போட்டதுபோல் சுடும். முன்விளிம்புப் பைப்பிங்காவது வெளிர் நிறமாக இருக்கட்டும் என்று தைப்பவரிடம் சொல்லி அனுப்புங்கள். அதேபோல் இருக்கையின் மேல் தெரியும்படி எஃகுக் கொண்டி, அலங்கார ஆணி, உலோகப் பட்டன் எதுவும் வேண்டாம். உலோகத்தின் எல்லை 51 டிகிரி என்று மேலே பார்த்தோம்.

ஊட்டி, கொடைக்கானல் ஆர்டர்களுக்கு இந்த விதியை அப்படியே நீட்டக்கூடாது. கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேலே இருக்கும் ஏரிகள் அவை. அங்கே காற்று குளிர்ச்சி. மார்கழிக் காலையில் வெளிர் நிற ஈர ரெக்சினில் உட்காருபவர் நடுங்குவார். நடுத்தரமான நிறம் அங்கே தவறில்லை. ஆனால் மலையில் புற ஊதாக் கதிர் சமவெளியைவிட அதிகம். ஆகவே அங்கே கேட்க வேண்டிய கேள்வி நிறம் எவ்வளவு சுடும் என்பதைவிட எவ்வளவு நாளில் வெளுக்கும் என்பது.

கண்ணால் பார்த்து முடிவு செய்ய முடியுமா?

பெரும்பாலும் முடியும். முழுமையாக முடியாது. சூரிய சக்தியில் ஏறத்தாழ பாதி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராக வருகிறது. நம் கண் பார்ப்பது மீதிப் பாதியைத்தான். ஒரே ஷேடாகத் தெரியும் இரண்டு பழுப்பு ரெக்சின்களில் ஒன்றில் கார்பன் பிளாக் கலந்திருக்கும். அது தெரியும் கதிரையும் தெரியாத கதிரையும் சேர்த்து விழுங்கும். இன்னொன்றில் அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பும் நிறமி போட்டிருப்பார்கள். அது அதே நிறத்தில் இருந்தும் சூடு குறைவாக இருக்கும். இத்தகைய நிறமிகள் கூரைப் பெயிண்டிலும் கார் இருக்கைத் துணியிலும் இப்போது பயன்படுகின்றன. "வெயிலில் சூடேறாத கருப்பு" என்று ஏஜெண்ட் சொன்னால் அது முழுப் பொய் என்று தள்ளிவிட வேண்டாம். நம்பிவிடவும் வேண்டாம். சோதித்துப் பாருங்கள்.

சோதனை எளிது. ஒரே பிளைவுட் பலகையில் ஒரே கனமுள்ள ஃபோமை ஒட்டி, அதன் மேல் நீங்கள் விற்கும் ஏழெட்டு ஷேடுகளை ஒரு சாண் சதுரத்தில் வரிசையாக அடித்து வையுங்கள். வெறும் ரெக்சினை மேஜை மேல் போட்டுச் சோதிப்பதில் பயனில்லை. மேஜை சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். ஃபோமின் மேல் இருந்தால்தான் இருக்கையில் நடப்பது நடக்கும். பகல் பன்னிரண்டிலிருந்து இரண்டுக்குள் அரை மணி நேரம் மாடியில் வெயிலில் வையுங்கள். பிறகு புறங்கையால் தொட்டுப் பாருங்கள். உள்ளங்கை நமக்கெல்லாம் தேய்ந்து காய்த்துப்போனது. புறங்கைதான் உண்மை சொல்லும்.

கருவி வைத்து அளக்க விரும்புவோருக்கு ஒரு குறிப்பு. 2020இல் கொரோனா வந்தபோது நம்மில் அநேகமாக எல்லோரும் கடை வாசலில் வைக்க நெற்றி வெப்பமானி வாங்கினோம். அது இப்போது கல்லாவின் கீழே கிடக்கும். அதை எடுத்து ரெக்சின் முன்னால் நீட்டினால் வேலை செய்யாது. மனித உடல் சூட்டுக்கென்று செய்த கருவி, 43 டிகிரிக்குள் நின்றுவிடும். தொழிற்சாலைகளுக்கென்று விற்கும் அகச்சிவப்பு வெப்பமானி வேண்டும். எலக்ட்ரிக்கல் சாமான் கடைகளில் கிடைக்கிறது. கருப்பானாலும் வெள்ளையானாலும் ரெக்சின் பரப்பில் அது சரியாகவே காட்டும். பளபளக்கும் எஃகில் மட்டும் தவறாகக் காட்டும். அந்தப் பலகையைக் கடையில் வைத்து, ஒவ்வொரு துண்டின் கீழும் வெயிலில் அளந்த டிகிரியை எழுதி ஒட்டிவிட்டால், வாடிக்கையாளரிடம் வாதம் செய்ய வேண்டிய அவசியமே வராது. எந்தக் கம்பெனியின் சாம்பிள் புத்தகத்திலும் இல்லாத தகவல் அது.

வெளிர் நிறம் விற்றால் வரும் புகார்கள்

வெளிர் நிறத்தைச் சிபாரிசு செய்பவர் அதன் சங்கடங்களையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் நல்ல எண்ணத்தில் விற்ற சரக்கே சண்டையில் கொண்டுபோய் விடும்.

மிகப் பெரிய தலைவலி இளஞ்சிவப்புக் கறை. கிரீம் அல்லது வெள்ளை இருக்கையில், மழைக்காலம் முடிந்த சில வாரங்களில், ரோஸ் நிறத்தில் திட்டுத் திட்டாக ஒரு கறை எழும்பும். சோப்புப் போட்டாலும் போகாது, தேய்த்தாலும் போகாது. "மட்டமான ரோல் கொடுத்துவிட்டீர்கள், சாயம் ஊறுகிறது" என்று படகுக்காரர் வந்து நிற்பார். அவர் சொல்வது நியாயம் போலவே தோன்றும். உண்மையில் அது சாயம் அல்ல. இருக்கைக்குள் ஈரம் தங்கிய ஃபோமிலும் ரெக்சினின் அடித்துணியிலும் வளரும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் வகை நுண்ணுயிர் ஒரு சிவப்பு நிறப் பொருளைச் சுரக்கிறது. பி.வி.சி.யை மெத்தென்று வைத்திருப்பதற்காகச் சேர்க்கும் பிளாஸ்டிசைசர் எண்ணெயில் அது கரைந்து, கீழிருந்து மேலே ஏறி வருகிறது. கறை உள்ளேயிருந்து வருவதால் மேலே தேய்த்துப் பயனில்லை. கருப்பிலும் மெரூனிலும் இதே சங்கதி நடக்கலாம். கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

இதற்கு முன்கூட்டியே செய்யக்கூடியது உண்டு. பூஞ்சைத் தடுப்பு மருந்து சேர்த்த கடல் உபயோக ரெக்சின் என்று தனியாக வருகிறது. சாதாரண ஆட்டோ ரெக்சினைவிட விலை கூடுதல். புற ஊதாக் கதிருக்கும் தாங்கும். திறந்த படகுக்கு அதைத்தான் கொடுக்க வேண்டும். சாதாரண ரெக்சின் வெயிலில் எண்ணெய்ப் பசை வற்றி, முதலில் மடிப்புகளிலும் மூலைகளிலும் வெடிக்கும். பெட்டிக்கு அடியில் இருக்கும் பிளைவுட் பலகையில் நாலைந்து துளைகள் போடச் சொல்லுங்கள்; உள்ளே போன தண்ணீர் வடியட்டும், காற்றுப் போய்வரட்டும். துளை போடுவதற்குக் காசு கிடையாது. இதைச் சொல்லி அனுப்பியதை பில்லின் பின்னால் ஒரு வரி எழுதியும் கொடுத்துவிடுவது நல்லது.

இரண்டாவது, ஜீன்ஸ் சாயம். புது ஜீன்ஸ் போட்டுக்கொண்டு நனைந்தபடி உட்கார்ந்தால் நீலம் ரெக்சினில் இறங்கும். அன்றே சோப்புத் தண்ணீரும் மென்மையான பிரஷ்ஷும் கொண்டு துடைத்தால் பெரும்பகுதி போய்விடும். ஒரு மாதம் விட்டால் அதுவும் எண்ணெயோடு சேர்ந்து உள்ளே இறங்கிவிடும். கறை போகவில்லை என்று தின்னர், பெட்ரோல் ஊற்றித் துடைக்கும் பழக்கம் நம் ஊரில் உண்டு. அது கறையோடு ரெக்சினின் மேல்பூச்சையும் எடுத்துவிடும். பிறகு படியும் அழுக்கு எப்போதும் போகாது. பிளீச்சிங் பவுடர் கரைத்துக் கழுவுவது தையல் நூலை நாளடைவில் பலவீனப்படுத்தும்.

நூல் என்றதும் ஒரு வார்த்தை. ரெக்சினுக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்டு நூலில் மிச்சம் பிடிப்பவர்கள் உண்டு. பருத்தி நூல் ஈரத்தில் மக்கும். நைலான் வெயிலில் பாலியெஸ்டர் அளவுக்குத் தாங்காது. வெளிப்புற உபயோகத்துக்கான பாலியெஸ்டர் நூலைத்தான் கொடுக்க வேண்டும். தையல் நெருக்கமாக இருந்தால் உறுதி என்று நினைத்துத் துளைகளை நெருக்கிப்போட்டால் ரெக்சின் தபால் தலை போல அந்த வரியிலேயே கிழியும். தண்ணீரும் உள்ளே போகும். டைமண்ட் வடிவத் தையல் போட்ட இருக்கை காரில் அழகு. திறந்த படகில் அது நூற்றுக்கணக்கான ஓட்டை. பலகை ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மெரைன் பிளைவுட்டாகவும், ஸ்டேப்ளர் பின் துருப்பிடிக்காத எஃகாகவும் இருக்க வேண்டும் என்பது சொல்லாமலே தெரியும். கிரீம் ரெக்சினில் துருக்கறை வழிந்தால் அதற்கும் பதில் சொல்ல வேண்டியவர் நாமே.

வெளுத்துப்போவதைப் பற்றி ஒரு வியப்பான செய்தி: அதிக நாள் நிறம் மாறாமல் நிற்பவை இரண்டு ஓரங்களிலும் இருக்கும் கருப்பும் வெள்ளையும்தான். கருப்புக்குக் காரணம் கார்பன். வெள்ளைக்குக் காரணம் டைட்டானியம் டை ஆக்சைடு. நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடைக்கும் இல்மனைட்டுத் தாதுவிலிருந்து செய்யப்படும் பொருள் அது. மண் நிறங்களும் நன்றாகவே தாங்கும். பளிச்சென்ற சிவப்பு, ரோஸ், ஊதா, எலுமிச்சை மஞ்சள் ஆகியவைதான் சீக்கிரம் வெளுக்கக்கூடியவை. சிவப்பு கேட்கும் படகுக்காரருக்கு இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். "சுடவும் செய்யும், வெளுக்கவும் செய்யும்" என்றால் அநேகமாக அவரே அடுத்த ரோலைப் பார்ப்பார்.

ஸ்டாக் விஷயம்

இதற்காக இருபது வெளிர் ஷேடுகளை வாங்கி அடுக்க வேண்டியதில்லை. கிரீம், வெளிர் சாம்பல், வெளிர் நீலம் என்று மூன்று ரோல், அவற்றோடு ஓரங்களுக்கு ஒரு கருநீலம் இருந்தால் போதும். ஆனால் வெளிர் நிறத்தில் ஒரு எச்சரிக்கை. கருப்பில் ஒரு பேட்சுக்கும் அடுத்த பேட்சுக்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. கிரீமில் அப்பட்டமாகத் தெரியும். பாதி இருக்கை ஒரு ரோல், மீதி அடுத்த மாதம் வந்த ரோல் என்றால் படகு ஒட்டுப்போட்ட சட்டை போல் இருக்கும். ஆகவே ஒரு படகுக்கு வேண்டியதை ஒரே ரோலில் வெட்டிக் கொடுங்கள். ஒட்டு வேலைக்கு ஒரு மீட்டர் கூடுதலாக வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். பேட்ச் நம்பரை பில்லில் எழுதுங்கள். வெளிர் நிற ரோலை நிற்க வைக்காமல் படுக்கை வசமாக, செய்தித்தாள் படாமல் பாலித்தீன் சுற்றி வைக்க வேண்டும். அச்சு மை ஒட்டினால் முதல் சுற்று வீண்.

உறையும் விற்கலாம். படகு துறையில் சும்மா கட்டிக் கிடக்கும் நேரத்தில்தான் இருக்கை அதிகம் காய்கிறது. வெளிர் நிறத் தார்ப்பாயிலோ கித்தானிலோ இருக்கை அளவுக்கு ஒரு உறை தைத்துப் போட்டு, ஆள் ஏறும்போது எடுத்துவிட்டால் முதல் நிமிடச் சூடு என்ற பிரச்சினையே இல்லை. ரெக்சினின் ஆயுளும் கூடும். கீல் வைத்த இருக்கையாக இருந்தால் கவிழ்த்துப் போட்டுவிடலாம், அதுவும் நல்ல வழிதான். படகோட்டிகள் ஆள் ஏறும் முன் ஒரு குவளைத் தண்ணீரை இருக்கையில் ஊற்றித் துடைப்பதுண்டு. சூடு உடனே இறங்கும், உண்மை. ஆனால் தையல் துளை வழியாக ஃபோமுக்குள் போகும் தண்ணீர் முன்பு சொன்ன ரோஸ் கறையைக் கொண்டுவரும். ஊற்றுவதற்குப் பதில் ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே கருப்பு ரெக்சின் போட்டுத் தவிக்கும் படகுக்காரர் வந்தால், முழு இருக்கையையும் பிரிக்கச் சொல்ல வேண்டாம். உட்காரும் பரப்புக்கு மட்டும் வெளிர் சாம்பலில் எலாஸ்டிக் வைத்த மேலுறை தைத்துக்கொள்ளலாம். மூன்று நான்கு மீட்டரில் இந்தச் சீசனைத் தாண்டிவிடுவார். நிரந்தர வேலைக்கு மழைக்கு முன், ஆடி மாதவாக்கில் வரச் சொல்லி, பேட்ச் நம்பரையும் அளவையும் அவர் கணக்கில் குறித்து வையுங்கள்.